எல்பி-பிஎல்ஏ2: சொல்லாமல் விடப்பட்ட பாதிக் கதை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் மருத்துவப் பக்கத்தில், கொழுப்பைச் சிதைக்கும் நொதி ஒன்றுக்கும் மாரடைப்புக்கும் உள்ள தொடர்பைப் பற்றி அண்மையில் வெளியான கட்டுரையைப் படித்தேன். எல்பி-பிஎல்ஏ2 (கொழுப்புத் துகள்களோடு ஒட்டியிருக்கும் பாஸ்போலிப்பேஸ் ஏ2) என்று சுருக்கமாக வழங்கப்படும் அந்த நொதி இரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்பதை நடுவயதைக் கடந்த அனைவரும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும் என்றும், அதைத் தடுத்து நிறுத்தும் மாத்திரை விரைவில் வரவிருக்கிறது என்றும் அக்கட்டுரை கூறுகிறது. நொதியின் வேலையைப் பற்றி அதில் எழுதப்பட்டிருப்பது பெரும்பாலும் சரியே. ஆனால் கட்டுரையாளர் கதையை 2010-ஆம் ஆண்டு வாக்கில் நிறுத்திவிட்டார். அதற்குப் பின் அந்த மாத்திரை ஏறத்தாழ 29,000 நோயாளிகளிடம் சோதிக்கப்பட்டது. மாரடைப்பைத் தடுப்பதில் தோற்றது. 2014-இலேயே முடிவுகள் அச்சேறிவிட்டன. கல்லூரியில் பல ஆண்டுகள் உயிர்வேதியியல் கற்பித்தவன் என்ற முறையில், விடுபட்ட பகுதியை வாசகர்களுக்குச் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியதால் இக்கடிதத்தைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் நொதியைப் பற்றி. நம் உடலில் இதை உற்பத்தி செய்பவை முக்கியமாக வெள்ளணு வகையைச் சேர்ந்த பெருவிழுங்கணுக்கள். இரத்தத்தில் கலந்தபின் இதன் பெரும்பகுதி, அதாவது ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு, கெட்ட கொழுப்பு என்று நாம் அழைக்கும் எல்டிஎல் துகள்களின் மேல் ஒட்டிக்கொண்டு பயணிக்கிறது. எல்டிஎல் துகள் தமனியின் உட்சுவருக்குள் சிக்கி அங்கே ஆக்சிஜனேற்றம் அடையும்போது, அதன் மேலுறையில் உள்ள பாஸ்போலிப்பிட் மூலக்கூறுகள் சிதைவடைகின்றன. அப்படிச் சிதைந்தவற்றை இந்த நொதி இரண்டாக வெட்டுகிறது. வெட்டுப்பட்டு வெளிவரும் துண்டுகளில் ஒன்று லைசோபாஸ்பாட்டிடைல்கோலின், மற்றது ஆக்சிஜனேற்றம் அடைந்த கொழுப்பு அமிலம். இரண்டுமே தமனிச் சுவரின் செல்களைத் தூண்டி, மேலும் வெள்ளணுக்களை அங்கே வரவழைத்து, அழற்சியை வளர்க்கக்கூடியவை என்பதை ஆய்வகங்கள் காட்டியிருக்கின்றன. வெடித்து மாரடைப்பை உண்டாக்கக்கூடிய கொழுப்புப் படிவுகளில் இந்த நொதி செறிந்திருப்பதும் உண்மை. இவ்வளவையும் கேட்பவர்கள், குற்றவாளி பிடிபட்டுவிட்டான் என்றே நினைப்பார்கள்.

ஆனால் இதே நொதிக்கு இன்னொரு பெயரும் இன்னொரு வரலாறும் உண்டு. தங்கள் கட்டுரை அதைத் தொடவேயில்லை. இரத்தத் தட்டணுக்களைத் திரளச் செய்து கடும் அழற்சியைக் கிளப்பும் பாஃப் என்ற கொழுப்பு மூலக்கூறு 1970-களில் கண்டறியப்பட்டது. அந்தப் பாஃபை வெட்டிச் செயலிழக்கச் செய்யும் நொதி ஒன்றை, இரத்தத்தின் திரவப் பகுதியான பிளாஸ்மாவிலிருந்து அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1980-களில் பிரித்தெடுத்தார்கள். 1995-இல் அந்த நொதியின் மரபணு படியெடுக்கப்பட்டபோது, அது அழற்சியைத் தணிக்கும் நொதி என்றே உலகுக்கு அறிமுகமாயிற்று. அடுத்த ஆண்டு, எல்டிஎல்லோடு ஒட்டியிருக்கும் நொதியைத் தனியே தேடிக்கொண்டிருந்த ஒரு மருந்து நிறுவனக் குழு தான் கண்டதை வெளியிட்டது. பார்த்தால் இரண்டும் ஒன்றே. ஒரு குழுவின் கணக்கில் அழற்சியை அணைப்பதும் இன்னொரு குழுவின் கணக்கில் அழற்சியை மூட்டுவதும் ஒரே புரதமாக இருந்தது.

இதில் வேடிக்கை என்னவென்றால், இரு நம்பிக்கைகளையும் வைத்து இரு வகை மருந்துகள் உருவாக்கப்பட்டன. நொதி நல்லது என்று நம்பியவர்கள், அதைச் செயற்கையாகத் தயாரித்து, இரத்தத்தில் கிருமித்தொற்று முற்றி உயிருக்குப் போராடும் நோயாளிகளுக்கு ஊசி வழியே செலுத்திப் பார்த்தார்கள். பெரிய சோதனையில் பயன் இல்லை. நொதி கெட்டது என்று நம்பியவர்கள் அதை முடக்கும் மாத்திரையைத் தயாரித்தார்கள். அதற்கு நேர்ந்ததைத்தான் சற்று நிதானமாகச் சொல்ல வேண்டும்.

நொதியின் மீது சந்தேகம் வலுத்தது 2000-ஆம் ஆண்டில். ஸ்காட்லாந்தின் மேற்குப் பகுதியில் கொலஸ்ட்ரால் மிகுந்த ஆண்களிடம் நடந்த புகழ்பெற்ற ஸ்டாட்டின் (கொலஸ்ட்ராலைக் குறைக்கும் மருந்து) ஆய்வின் இரத்த மாதிரிகளை எடுத்து அளந்தபோது, நொதி மிகுந்தவர்களுக்குப் பின்னாளில் இதய நோய் கூடுதலாக வந்திருப்பது தெரிந்தது. 2003-இல் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் இந்த நொதியை அளக்கும் பரிசோதனைக்கு அனுமதி அளித்தது. 2010-இல் 32 ஆய்வுகளின் 79,000-க்கும் மேற்பட்ட நபர்களின் தரவுகளை ஒன்றுசேர்த்து லான்செட் இதழில் ஒரு பெருந்தொகுப்பு வெளிவந்தது. மற்ற ஆபத்துக் காரணிகளையெல்லாம் கணக்கில் கழித்த பிறகும், நொதியின் அளவு ஒரு படி கூடும்போது இதய நோய் வாய்ப்பு ஏறத்தாழ 10 சதவீதம் கூடுவதை அது காட்டியது. பத்து சதவீதம் என்பது சிறிய எண்தான். ஆனாலும் அது திரும்பத் திரும்பத் தென்பட்ட எண். தங்கள் கட்டுரையாளர் ஆதாரமாகக் காட்டுவது இவ்வகை ஆய்வுகளைத்தான்.

கழுகு வட்டமிடுவதைக் கண்டு அங்கே மாடு செத்துக் கிடப்பதை அறியலாம். மாட்டைக் கொன்றது கழுகு என்று சொல்லிவிட முடியாது. இந்த நொதி எல்டிஎல்லின் மேல் ஏறி வருவது. அழற்சி உள்ள இடத்தில் திரளும் பெருவிழுங்கணுக்களிலிருந்து பிறப்பது. எனவே எல்டிஎல் மிகுந்து, தமனிச் சுவரில் அழற்சியும் இருக்கும் மனிதரிடம் நொதி கூடுதலாக இருந்தே தீரும். நோயோடு சேர்ந்து வருவதா, நோயைக் கொண்டுவருவதா என்பதை மேற்சொன்ன வகை ஆய்வுகள் எத்தனை ஆயிரம் பேரைச் சேர்த்தாலும் பிரித்துச் சொல்ல இயலாது. நொதியை மட்டும் குறைத்துப் பார்க்க வேண்டும்.

குறைத்துப் பார்த்தார்கள். கிளாக்சோஸ்மித்கிளைன் நிறுவனத்தின் டாராப்லாடிப் என்ற மாத்திரை 2008-இல் பெரும் எதிர்பார்ப்பைக் கிளப்பியது. நீரிழிவும் மிகுகொலஸ்ட்ராலும் உண்டாக்கப்பட்ட பன்றிகளின் தமனிகளில், படிவுக்குள் செல்கள் மடிந்து குழைந்துபோகும் மையப்பகுதியை அது சிறிதாக்கியது. அதே ஆண்டில் 330 நோயாளிகளிடம் ஓராண்டு நடந்த ஆய்வில், மருந்து பெறாதவர்களிடம் அந்த மையப்பகுதி வளர்ந்தது, மருந்து பெற்றவர்களிடம் வளரவில்லை. செய்தித்தாள்கள் கொண்டாடின. ஆனால் அந்த ஆய்வு தன் முதன்மை இலக்குகளாக முன்கூட்டியே அறிவித்தவை வேறு: படிவின் இளகும் தன்மையும், சிஆர்பி என்ற அழற்சிக் குறியீடும். இரண்டிலும் வேறுபாடு கிடைக்கவில்லை. வெற்றியாகச் சொல்லப்பட்டது துணை இலக்கில் கிடைத்தது. மருத்துவச் செய்தி எழுதுவோர் ஓர் ஆய்வறிக்கையில் முதலில் தேட வேண்டியது, முதன்மை இலக்கு என்னவாயிற்று என்ற வரியைத்தான் என்பது என் கருத்து. பெரும்பாலும் அது தேடப்படுவதில்லை.

அடுத்து வந்தவை இரு பெரும் சோதனைகள். ஸ்டெபிலிட்டி என்று பெயரிடப்பட்ட முதலாவதில், நிலையான இதயத் தமனி நோய் உள்ள 15,828 பேர் 39 நாடுகளிலிருந்து சேர்க்கப்பட்டு, பாதிப் பேருக்கு நாள்தோறும் 160 மில்லிகிராம் டாராப்லாடிப்பும் மீதிப் பேருக்கு மருந்தில்லாத வெற்று மாத்திரையும் தரப்பட்டன. ஏறத்தாழ மூன்றே முக்கால் ஆண்டுகளில், இதய நோயால் மரணம், மாரடைப்பு, பக்கவாதம் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றுக்கு ஆளானோர் மருந்துப் பிரிவில் 9.7 சதவீதம், வெற்று மாத்திரைப் பிரிவில் 10.4 சதவீதம். தற்செயலாகவே தோன்றிவிடக்கூடிய வேறுபாடு இது. இதயத் தமனி சார்ந்த நிகழ்வுகளை மட்டும் தனியே எண்ணியபோது சிறு நன்மை தெரிந்தது என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். ஆனால் இரண்டாவது சோதனை அந்தச் சிறு நம்பிக்கையையும் வைக்கவில்லை. திடீர் இதயத் தமனி அடைப்புக்கு ஆளாகி 30 நாட்களுக்குள் சேர்க்கப்பட்ட 13,026 பேரிடம் நடந்த அந்தச் சாலிட் சோதனையில், மூன்றாண்டு முடிவில் மருந்துப் பிரிவில் 16.3 சதவீதம் பேருக்கும், வெற்று மாத்திரைப் பிரிவில் 15.6 சதவீதம் பேருக்கும் இதயத் தமனி சார்ந்த பெரும் நிகழ்வுகள் நேர்ந்தன. மருந்தால் நிகழ்ந்தது வயிற்றுப்போக்கும், உடலிலும் சிறுநீரிலும் மலத்திலும் விரும்பத்தகாத வாடையும்தான்.

மருந்து நொதியைச் சரியாக முடக்கவில்லை என்று சாக்குச் சொல்லவும் வழியில்லை. நொதியின் செயல்பாடு பெருமளவு குறைந்தது உறுதி. குறைய வேண்டியது குறைந்தும், தடுக்க வேண்டியது தடைபடவில்லை. ஒரு கருதுகோள் இவ்வளவு தெளிவாகச் சோதிக்கப்படுவது மருத்துவ ஆராய்ச்சியில் அரிது.

இதே குடும்பத்தைச் சேர்ந்த, உடலில் சுரக்கும் வேறு சில பாஸ்போலிப்பேஸ் நொதிகளைத் தடுக்கும் வரஸ்ப்லாடிப் என்ற மருந்தின் கதை இன்னும் கடுமையானது. மாரடைப்பு அல்லது அதையொத்த திடீர் நெஞ்சுவலிக்கு ஆளான 5,145 பேரிடம், அடோர்வாஸ்டாட்டின் என்ற ஸ்டாட்டினோடு சேர்த்து 16 வாரங்கள் கொடுத்துப் பார்க்கத் திட்டமிடப்பட்ட அந்தச் சோதனை 2012-இல் இடையிலேயே நிறுத்தப்பட்டது. மருந்து பெற்றவர்களில் 3.4 சதவீதம் பேருக்கு மாரடைப்பு வந்தது, பெறாதவர்களில் 2.2 சதவீதம் பேருக்கே வந்தது. அழற்சிக் குறியீடுகள் இறங்கியிருக்க, மாரடைப்புகள் ஏறியிருந்தன. அந்த மருந்துக்கு இப்போது வேறொரு வாழ்வு கிடைக்கலாம் போலிருக்கிறது. பாம்பு நஞ்சில் திசுக்களை அழிக்கும் முக்கியப் பொருள்களில் ஒன்றும் பாஸ்போலிப்பேஸ் ஏ2 வகை நொதிதான் என்பதால், பாம்புக்கடிக்கு முதலுதவியாக வரஸ்ப்லாடிப் மாத்திரையைத் தரலாமா என்று இந்தியாவிலும் அமெரிக்காவிலும் நோயாளிகளிடம் ஆய்வு நடந்திருக்கிறது. கண்ணாடிவிரியன் கடியால் ஆண்டுதோறும் உயிர்களை இழக்கும் நமக்கு, இதய மருந்தாக அது தோற்றதைவிட இந்தச் செய்தியே கூடுதல் பயனுள்ளது. அது தனிக் கட்டுரைக்கு உரிய பொருள்.

மீண்டும் எல்பி-பிஎல்ஏ2-க்கு வருகிறேன். மருந்துச் சோதனைக்கு நான்கு ஆண்டுகள் போதாது, வாழ்நாள் முழுவதும் நொதி குறைவாக இருந்தால் பயன் தெரிந்திருக்குமோ என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். அதற்கு இயற்கையே ஒரு சோதனையை நடத்தி வைத்திருக்கிறது. கிழக்காசிய மக்களில் ஒரு பகுதியினரிடம் இந்நொதியின் மரபணுவில் ஒரு திரிபு காணப்படுகிறது. நொதிப் புரதத்தின் 279-ஆவது இடத்தில் வேலின் என்ற அமினோ அமிலத்துக்குப் பதிலாகப் பினைல்அலனின் அமர்ந்துவிடுவதால் நொதி வேலை செய்வதில்லை. ஜப்பானியரில் 100-க்கு ஏறத்தாழ 4 பேர், தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் அந்தத் திரிபைப் பெற்று, இந்நொதியே இல்லாமல் பிறக்கிறார்கள். பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் திரிபைப் பெற்றவர்களிடம் நொதி ஏறத்தாழ பாதியாக இருக்கிறது. டாராப்லாடிப் சில ஆண்டுகள் செய்ததை இவர்களுடைய மரபணு பிறந்த நாளிலிருந்து செய்துகொண்டிருக்கிறது. இவர்களுக்கு இதய நோய் குறைவாக வருகிறதா? தொடக்கத்தில் ஜப்பானில் நடந்த சில சிறிய ஆய்வுகள் நோய் கூடுவதாகக்கூடச் சொல்லின. கொரியாவிலிருந்து வந்த ஆய்வு குறைவதாகச் சொன்னது. 2016-இல் சீனாவில் ஏறத்தாழ 90,000 பேரிடம் நடந்த பெரிய ஆய்வு வெளிவந்தபோது விடை தெளிந்தது. திரிபு உள்ளவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் இடையே இதய, இரத்தக்குழாய் நோய்களில் வேறுபாடு இல்லை.

இந்த ஆய்வு மருந்துச் சோதனைகளுக்குப் பிறகு வந்தது என்பதுதான் வருத்தம். முன்பே செய்திருந்தால் பெரும் பொருட்செலவும், ஆயிரக்கணக்கான நோயாளிகளின் ஆண்டுகளும் மிஞ்சியிருக்கும். வரிசை சரியாக அமைந்ததற்கு, இரத்தத்திலிருந்து எல்டிஎல் அகற்றப்படுவதைக் குறைக்கும் பிசிஎஸ்கே9 என்ற புரதம் எடுத்துக்காட்டு. அந்தப் புரதம் மரபணுத் திரிபால் செயலிழந்த கறுப்பின அமெரிக்கர்களுக்கு எல்டிஎல் 28 சதவீதம் குறைவாகவும், இதயத் தமனி நோய் 88 சதவீதம் குறைவாகவும் இருப்பது 2006-இல் வெளியாயிற்று. அதன் பின்னரே அதைத் தடுக்கும் ஊசிமருந்துகள் வேகம் பெற்றன. 27,564 பேரிடம் நடந்த சோதனையின் முடிவு 2017-இல் வந்தபோது மாரடைப்பும் பக்கவாதமும் உண்மையிலேயே குறைந்திருந்தன.

அப்படியானால் அழற்சிக்கும் இதய நோய்க்கும் தொடர்பில்லையா என்று வாசகர்கள் குழம்பக்கூடாது. தொடர்பு உண்டு, தவறியது குறிவைத்த இடம். 2017-இல் முடிவு வெளியான கேன்டோஸ் சோதனையில், இன்டர்லூக்கின்-1 பீட்டா என்ற அழற்சித் தூதுப் புரதத்தைத் தடுக்கும் கானகினுமாப் ஊசி, எல்டிஎல்லைச் சற்றும் குறைக்காமலேயே மாரடைப்பு, பக்கவாதம், இதய மரணம் ஆகியவற்றை ஏறத்தாழ 15 சதவீதம் குறைத்தது. கூடவே உயிர்கொல்லும் தொற்றுகளையும் சற்றுக் கூட்டியதால் இதய மருந்தாக அது அனுமதி பெறவில்லை. கீல்வாதத்துக்குக் காலங்காலமாகத் தரப்பட்டுவரும் கோல்சிசின் சிறு அளவில் பயன் தருவதாக 2019-இலும் 2020-இலும் இரு சோதனைகள் காட்டின. 2024-இல் மாரடைப்பு நோயாளிகளிடம் நடந்த இன்னொரு பெரிய சோதனை பயனில்லை என்றது. ஆக, அந்தத் துறையில் வழக்கு இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. இந்த நொதியின் வழக்கில் தீர்ப்பு வந்துவிட்டது.

இனி பணம் செலவழிக்கும் வாசகர்களுக்கு வேண்டிய செய்தி. முழு உடல் பரிசோதனை, இதயப் பரிசோதனை என்ற பெயர்களில் விற்கப்படும் தொகுப்புகளில் இந்நொதியின் அளவும் சேர்க்கப்படுவதைப் பார்க்கிறோம். முடிவுத்தாளில் அந்த எண்ணுக்கு எதிரே தடித்த எழுத்தில் மிகை என்று அச்சாகி வந்தால் யாருக்கும் உறக்கம் போய்விடும். அந்த எண்ணை மட்டும் குறிவைத்துக் குறைப்பதற்கு மருந்து இல்லை. குறைத்தாலும் பயனில்லை என்பதே மேற்சொன்ன சோதனைகளின் முடிவு. ஸ்டாட்டின் சாப்பிட்டால் எல்டிஎல் குறையும், அதன் மேல் பயணிக்கும் நொதியும் சேர்ந்தே குறையும். பயன் கிடைப்பது எல்டிஎல் குறைவதால். அமெரிக்க இதயச் சங்கமும் அமெரிக்க இதயவியல் கல்லூரியும் 2018-இல் வெளியிட்ட கொலஸ்ட்ரால் வழிகாட்டுதல், ஸ்டாட்டின் தொடங்குவதா என்று மருத்துவர் தயங்கும் நிலையில் கூடுதலாகப் பார்க்க வேண்டியவற்றைப் பட்டியலிடுகிறது. குடும்பத்தில் இளவயது இதய நோய், நாட்பட்ட சிறுநீரக நோய், முடக்குவாதம் போன்ற அழற்சி நோய்கள், மிகைச் சிஆர்பி ஆகியவை அதில் உண்டு; தெற்காசிய வம்சாவளியும் உண்டு, அதாவது நாம் எல்லோரும் அதில் வருகிறோம். எல்பி-பிஎல்ஏ2 இல்லை.

ஒரு குழப்பத்தையும் இங்கே தீர்த்துவிட வேண்டும். எல்பி(ஏ) என்ற பரிசோதனை வேறு. அது பெரும்பாலும் மரபுவழியாக அமையும் கொழுப்புத் துகள். அது மிகுந்தால் இதய நோய் கூடுவதை மரபணு ஆய்வுகளே உறுதிசெய்திருக்கின்றன. மேற்சொன்ன பட்டியலிலும் அது இருக்கிறது. வாழ்நாளில் ஒருமுறை அதைப் பார்த்துக்கொள்ளச் சொல்லும் மருத்துவர்களின் பேச்சில் பொருள் உண்டு. தங்கள் கட்டுரையின் ஒரு பத்தியில் இவ்விரண்டும் ஒன்றாகக் கலந்துவிட்டதுபோல் எனக்குத் தோன்றியது. முடிவுத்தாளைக் கையில் வைத்திருப்பவர்கள் அது எது என்பதைத் தம் மருத்துவரிடம் கேட்டுத் தெளிந்துகொள்வது நல்லது.

கட்டுரையாளரைக் குறைசொல்வது என் நோக்கமன்று. அழற்சி, நொதி, தமனி என்று கடினமான பொருளைத் தமிழில் தெளிவாக எழுதும் அவருடைய திறமையைப் பாராட்டவே செய்கிறேன். ஆனால் ஒரு மருந்து வரப்போகிறது என்ற செய்திக்கு முதல் பக்கத்தில் இடமும், அது தோற்றுப்போனது என்ற செய்திக்கு எங்குமே இடமில்லாமையும் நம் மருத்துவ இதழியலில் நீண்ட நாளாக இருந்துவரும் வழக்கம். அதனால்தான் பத்தாண்டுகளுக்கு முன் முடிந்துபோன நம்பிக்கை, படிப்பவர்களிடம் இன்றும் புதிய செய்தியாக உலவுகிறது.

ஆகவே தங்களிடம் என் வேண்டுகோள் இரண்டு. டாராப்லாடிப் சோதனைகளின் முடிவைக் குறிப்பிட்டு, மாத்திரை வரவிருக்கிறது என்ற வரிக்கு ஒரு திருத்தத்தை அதே மருத்துவப் பக்கத்தில், அதே அளவு எழுத்தில் வெளியிட வேண்டும். எல்லோரும் இப்பரிசோதனையைச் செய்துகொள்ள வேண்டும் என்ற பரிந்துரையைப் பற்றி, ஆய்வகத் தொழிலோடு தொடர்பில்லாத இதயநோய் மருத்துவர் ஒருவரிடம் கருத்துக் கேட்டு அதையும் உடன் வெளியிட வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
ஓய்வுபெற்ற உயிர்வேதியியல் பேராசிரியர்,
தஞ்சாவூர்.